மூன்று கதவு அலமாரி: நாமே பொருத்தலாமா, கம்பெனி ஆளா, கார்பென்டரா?

பலகை பலகையாக அட்டைப்பெட்டியில் வந்து இறங்கும் அலமாரியை எழுப்பி நிறுத்த மூன்று வழி உண்டு. நாமே தரையில் உட்கார்ந்து பொருத்தலாம். விற்ற கம்பெனி அனுப்பும் ஆளிடம் விட்டுவிடலாம். இல்லையென்றால் தெரிந்த கார்பென்டரைக் கூப்பிடலாம். வீட்டில் இந்தப் பேச்சு எப்போதும் கூலியில்தான் தொடங்கும். என்னைக் கேட்டால் கூலியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். என்ன சாமான், எவ்வளவு உயரம், வீடு சொந்தமா வாடகையா என்ற மூன்றும் தெரிந்தால் பாதி முடிவு வந்துவிடும்.

சின்னச் சாமான்களில் போட்டியே கிடையாது. ஷூ ரேக், புத்தக ஷெல்ஃப், ஸ்டடி டேபிள் எல்லாம் நீங்களே செய்யுங்கள். டிராயர் வைத்த சாமான் நேரத்தைத் தின்னும், ஆனால் கஷ்டமில்லை. டிராயர் ஓடும் இடது சேனல், வலது சேனல் மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆள் வரும் நாளுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் டேபிளில் லேப்டாப்பே வைத்துவிடலாம்.

அலமாரி வேறு கதை. மூன்று வழிகளும் நேருக்கு நேர் மோதுவது இங்கேதான்.

முதலில் திருகும் வேலை. இந்த அலமாரிகளில் பெரும்பாலானவை பார்ட்டிகிள் போர்டு. மரத்துகளைப் பசையோடு சேர்த்து அழுத்திய பலகை அது. ஒரு பலகையில் ஸ்க்ரூ மாதிரி ஒரு போல்ட் இறங்கும். அதன் தலையை அடுத்த பலகையில் இருக்கும் 15 மி.மீ. கேம் லாக் கவ்விப் பிடிக்கும். பக்கத்தில் 8 மி.மீ. மரக்குச்சி ஒன்று பலகை நகராமல் காக்கும். கேம் லாக்கில் உள்ள அம்புக்குறி, போல்ட் நுழையும் ஓட்டையைப் பார்த்து இருக்க வேண்டும். அப்புறம் அரைச் சுற்றுக்குள் இறுகிவிடும். அதற்கு மேல் திருகினால் துகள் பிய்ந்து, அந்த ஓட்டை இனி எதையும் பிடிக்காது.

இந்த இடத்தில் தனியாகச் செய்பவருக்குத்தான் என் ஓட்டு. காரணம் திறமை இல்லை, நிதானம். கம்பெனி ஆளுக்கு அன்றைக்கே இன்னும் சில வீடுகள் இருக்கும். அவர் கையில் பேட்டரி டிரில். எல்லா ஸ்க்ரூவும் ஒரே வேகத்தில் இறங்கும். நாம் கையால் திருகும்போது பலகை ‘போதும்’ என்று சொல்வது விரலுக்குத் தெரியும். டிரில் இருந்தாலும், திருகும் விசையைக் கட்டுப்படுத்தும் கிளட்ச் வளையத்தைக் குறைந்த எண்ணில் வைத்துக்கொண்டு, கடைசிச் சுற்றைக் கையால் முடிப்பது நல்லது.

கார்பென்டரின் சிக்கல் வேறு. அவருக்குக் கேம் லாக் மேல் நம்பிக்கை வராது. மரக்குச்சியில் ஃபெவிகால் தடவுவார், நான்கு இடத்தில் தன் ஸ்க்ரூவை வெளியிலிருந்து இறக்குவார். உறுதியாக நிற்கும், சந்தேகமில்லை. ஆனால் வீடு மாற்றும்போது பிரிக்க முடியாது. பிரித்தால் பலகை ஓரம் பெயர்ந்து வரும். வாடகை வீட்டுக்காரர்கள் அவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: “அண்ணே, பசை மட்டும் வேண்டாம்.”

அடுத்து, பெரும்பாலானவர்கள் கணக்கில் எடுக்காத வேலை: படுத்திருக்கும் அலமாரியை நிமிர்த்துவது. இதில் தனி ஆள் தோற்றுப்போவார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 210 செ.மீ. உயரம், 60 செ.மீ. ஆழம், 18 மி.மீ. தடிமன் உள்ள ஒரு பக்கப் பலகை மட்டுமே சுமார் 14, 15 கிலோ வரும். நடுப் பலகை, மேல், கீழ், தட்டுகள் எல்லாம் சேர்ந்தால் கதவு மாட்டும் முன்பே 70 கிலோவைத் தாண்டிவிடும். ஒருவரே தூக்கினால் முதுகு தப்பிக்கலாம், கேம் லாக் தப்பிக்காது. ஒரு மூலையை மட்டும் தூக்கும்போது முழுச் சட்டமும் முறுக்கிக்கொண்டு, போல்ட் பலகையைக் கிழிக்கும். ஐகியா என்ற ஃபர்னிச்சர் கம்பெனியின் செய்முறைத் தாளில் எழுத்தே இருக்காது, படம்தான். பெரிய சாமான்களின் தாளில் முதல் பக்கத்திலேயே ஒற்றை ஆளை அடித்துவிட்டு இரண்டு பேரை வரைந்திருப்பார்கள்.

இன்னொரு கணக்கு நம் வீட்டு லாஃப்ட். லாஃப்டுக்குக் கீழே ஏழடி, அதாவது 213 செ.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 210 செ.மீ. அலமாரி அங்கே நிற்கும். ஆனால் அங்கேயே படுக்கவைத்துப் பொருத்தி நிமிர்த்த முடியாது. சாய்ந்து எழும்போது அதன் மூலைவிட்டம் 218 செ.மீ.க்கு மேல் போகும், லாஃப்டில் இடிக்கும். அறை நடுவில் நிமிர்த்தி, பிறகு உள்ளே தள்ள வேண்டும். கம்பெனி ஆட்கள் இரண்டு பேராக வந்தால் இதை யோசிக்காமலே செய்துவிடுவார்கள். பழக்கம். தனியாகச் செய்பவர் இதைப் பலகை விரிக்கும் முன்பே யோசிக்க வேண்டும்.

ஆகவே நான் சொல்லும் வழி கலப்படம். திருகும் வேலை முழுவதும் நீங்கள், நிமிர்த்த மட்டும் பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிடுங்கள். ஒரு காபி செலவு. அப்படி ஆள் கிடைக்காத வீடு என்றால் வாங்கும்போதே மூன்று கதவு அலமாரிக்குப் பதிலாக இரண்டு கதவு ஒன்று, ஒரு கதவு ஒன்று எனப் பிரித்து வாங்கலாம். பொருத்தி முடித்து அருகருகே தள்ளினால் வெளியே வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது.

முதுகுப் பலகை பற்றி ஒரு வார்த்தை. மூன்று மி.மீ. அட்டை போல இருப்பதால் எல்லோரும் அலட்சியமாக அடிக்கிறார்கள், பழகிய ஆட்கள் உட்பட. ஆனால் சட்டத்தை நேராகப் பிடிப்பது அதுதான். ஆணி அடிக்கும் முன் எதிரெதிர் மூலைகளை டேப்பால் குறுக்காக அளந்து, இரண்டு அளவும் ஒன்றாக வரும்வரை சட்டத்தைத் தட்டிச் சரிசெய்ய வேண்டும். ஆணி எத்தனை கொடுத்திருக்கிறார்களோ அத்தனையும் அடிக்க வேண்டும். கம்பெனி ஆள் வந்தால் நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய கட்டம் இதுவே. மற்ற நேரத்தில் அவரை அவர் வேலையைச் செய்ய விடுங்கள்.

சுவரோடு பிணைப்பதில் கார்பென்டர் மற்ற இருவரையும் தூக்கிச் சாப்பிடுகிறார். குழந்தை இழுத்த டிராயரால் சாமான் கவிழ்வது கற்பனை பயமில்லை. குழந்தைகள் இறந்த பிறகு, 2016-இல் அமெரிக்காவில் மட்டும் ஐகியா சுமார் 2.9 கோடி டிராயர் அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பெட்டிக்குள் எல் வடிவப் பட்டை வந்திருந்தாலும், சுவரில் ஓட்டை போடச் சில கம்பெனி ஆட்கள் மறுத்துவிடுவார்கள். வாடகை வீடு என்றால் நமக்கே தயக்கம். கார்பென்டர் டிரில்லோடு வருவார், சுவருக்குள் ஒயர் எங்கே ஓடுகிறது என்று ஸ்விட்ச் போர்டைப் பார்த்தே ஊகிப்பார். தரை மேடு பள்ளமாக இருந்தால் அடியில் சிம்பு வைத்து ரசமட்டம் பார்ப்பார். அலமாரியைச் சுவரோடு ஒட்டவிடாத தரையோர டைல்ஸுக்காகப் பலகையின் அடியை வெட்டித் தருவதும் அவர் மட்டுமே.

கம்பெனி ஆளின் உண்மையான பலம் வேறு இடத்தில். பெட்டியில் ஒரு பலகை உடைந்திருந்தாலோ, கீல் குறைந்தாலோ, அவர் எடுக்கும் போட்டோவுக்கு இருக்கும் மதிப்பு நம் புகாருக்கு இருக்காது. தங்கள் ஆள் பொருத்தினால்தான் வாரண்டி என்று சொல்லும் விற்பனையாளர்களும் உண்டு, பணம் கட்டும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். விலையிலேயே ஃபிட்டிங் கூலியைச் சேர்த்துவிட்டார்கள் என்றால் நாமே செய்து மிச்சப்படுத்த எதுவுமில்லை. நாமே செய்வதாக இருந்தால் பெட்டி பிரித்ததும் முதல் வேலை, ஸ்க்ரூ முதல் பலகை வரை எண்ணிப் பார்ப்பது. பாதி பொருத்திய பிறகு குறையைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வீடு மாறும் குடும்பமா? அப்படியானால் நீங்களே பொருத்துவதன் லாபம் அப்போதுதான் தெரியும். எந்தப் பலகை எதற்குப் பிறகு என்று கைக்கு நினைவிருக்கும். பிரிக்கும்போது மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி ஒட்டி, ஸ்க்ரூவை ஒரே பையில் போட்டுக் கட்டினால் லாரிக்காரர்களின் அவசரத்திலும் எதுவும் தொலையாது. தளர்ந்த ஓட்டையில் ஃபெவிகால் தொட்ட தீக்குச்சியை அடைத்து, காயவிட்டு மறுபடி திருகினால் ஓரளவு பிடிக்கும். இருந்தாலும் பார்ட்டிகிள் போர்டிடம் நான் இரண்டு இடமாற்றத்துக்கு மேல் எதிர்பார்ப்பதில்லை.

சொந்த வீடு என்றால் இந்தப் பெட்டி அலமாரியே வேண்டாம், பிளைவுட் வாங்கி ஆள் வைத்துச் செய் என்று வீட்டுப் பெரியவர் ஒருவராவது சொல்வார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வாளித் தண்ணீரும் மாப்புமாகத் தரை துடைக்கும் வீட்டில் பார்ட்டிகிள் போர்டின் அடி ஊறி உப்பும், உப்பியது திரும்ப இறங்காது. 2015-லும் 2023-லும் வெள்ளம் புகுந்த சென்னை வீட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள மெரைன் பிளைவுட் அந்த ஈரத்தை எவ்வளவோ தாங்கும். அதற்கு விலை பணம் மட்டுமில்லை. நாள்கணக்கில் தூசி, சத்தம், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி வராத ஆள். அசையாமல் ஒரே சுவரில் இருக்கப்போகும் அலமாரிக்கு அந்தத் தலைவலி தகும். மற்றதற்குப் பெட்டியே போதும், கூடவே அடியில் பிளாஸ்டிக் கால் உள்ள மாடலாகப் பாருங்கள்.

யார் பொருத்தினாலும் ஒரு வேலை மட்டும் கடைசியில் உங்கள் தலையில்தான் விழும். துணி அடுக்கிச் சில நாளில் கதவுகள் ஒன்றுக்கொன்று ஏற்ற இறக்கமாக நிற்கும். அதற்காக யாரும் திரும்பி வரமாட்டார்கள். கதவைத் திறந்து கீலைப் பாருங்கள். கதவுக்கு அருகில் இருக்கும் ஸ்க்ரூ கதவை இடம் வலமாக நகர்த்தும், பின்னால் இருப்பது முன்னும் பின்னுமாக. கீலைத் தாங்கும் தகட்டின் இரண்டு ஸ்க்ரூவையும் லேசாகத் தளர்த்தினால் மேலே கீழே ஏற்றி இறக்கலாம். ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொரு முறையும் கதவை மூடிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.