நான்கு இன்ஜெக்டருக்கு 68,000 ரூபாய், கோளாறு இருந்ததோ கப்ளரில்: கடலோர டீசல் கார்காரர்கள் கவனத்துக்கு

உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், கீழக்கரை பக்கம் டீசல் கார் ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது (ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யாமல் என்ஜின் ஆடுகிறது) என்று ராமநாதபுரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சுகிற இன்ஜெக்டர் நான்கும் போய்விட்டது என்று சொல்லி 68,000 ரூபாய் வாங்கினார்கள். கோளாறு அப்படியே திரும்பி வந்தது. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். ஆனால் அவர்கள் செய்த விதத்தை எழுதியே ஆகவேண்டும், ஏனென்றால் இதே பேச்சை இன்னும் பல பேரிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

என்னுடையது சவாரி வண்டி, நான்கு சிலிண்டர் காமன் ரெயில் டீசல் (ரெயில் என்கிற ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகிற வகை). கோயிலுக்கு வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு தனுஷ்கோடிக்கும் போகவேண்டும். 2017-இல் அரிச்சல்முனை வரை ரோடு வந்த பிறகு அங்கே போகாமல் யாரும் ஊர் திரும்புவதில்லை. அந்த ரோட்டில் இரண்டு பக்கமும் கடல். ஆடிக் காற்றில் உப்புச் சாரலும் மணலும் பானட் இடுக்கு வழியாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

முதலில் ஐடிலிங்கில் நிற்கும்போது மட்டும் ஆடியது. ஸ்டியரிங்கில் கை வைத்தால் அதிர்வு தெரியும். கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். அப்புறம் பாம்பன் பாலத்து ஏற்றத்தில் பிக்கப் இல்லாமல் போனது, செக் என்ஜின் விளக்கும் வந்தது. புகை மட்டும் இல்லை. கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. இது முக்கியமான அடையாளம், பின்னால் சொல்கிறேன்.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டார்கள். பி0203 என்ற கோளாறு எண் வந்தது. திரையை எனக்கும் காட்டினார்கள். "மூணாவது இன்ஜெக்டர் போச்சுண்ணே" என்றார் அங்கிருந்தவர். சாயங்காலம் போன் வந்தது: நாலுமே வீக், ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் இன்னொன்று போகும், மொத்தமாக மாற்றிவிடலாம். ரிட்டர்ன் டெஸ்ட் (இன்ஜெக்டர் உள்ளே கசிகிறதா என்று பார்க்கிற சோதனை) எடுத்தீர்களா என்று கேட்டேன். எடுத்தாச்சு என்றார். ரீடிங் அனுப்பச் சொன்னேன், அனுப்பவே இல்லை. திரும்பக் கேட்டபோது பேச்சு மாறியது: "போட் டீசல் ஊத்தியிருப்பீங்க, அதான்."

நம் ஊரில் இந்த ஒரு வார்த்தையில் வாயை அடைத்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். விசைப்படகுக்கு வரிவிலக்கில் டீசல் கொடுப்பது எல்லாருக்கும் தெரியும், அதைக் காருக்கு ஊற்றினான் என்று சொன்னால் ஆள் கூனிப்போவான். நான் பெட்ரோல் பங்கில் போட்ட பில் எல்லாம் காட்டினேன். டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தால் பார்ப்பதற்கு வழி இருக்கிறது. தண்ணீர் பிரிக்கிற டீசல் ஃபில்டரில் அடியில் ஒரு வடிகால் திருகு இருக்கும். அதைத் திறந்து கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்தால் தண்ணீர் அடியில் தங்கும், மேலே டீசல் தனியாக நிற்கும். அதைச் செய்யாமலேயே பழி போட்டார்கள்.

வண்டி அதற்குள் பிரிக்கப்பட்டுவிட்டது. பணத்தை ஜிபேயில் கட்டினேன். பில் கேட்டதற்கு ஜிஎஸ்டி எண் இல்லாத ஒரு எஸ்டிமேட் சீட்டில் "நியூ இன்ஜெக்டர் 4" என்று எழுதிக் கொடுத்தார்கள். பழைய இன்ஜெக்டரைக் கேட்டேன். எக்ஸ்சேஞ்சில் கம்பெனிக்குப் போய்விட்டது என்றார்கள்.

எடுத்து வந்த புதிதில் வண்டி நன்றாகத்தான் ஓடியது. பிறகு பழையபடி ஆட ஆரம்பித்தது, கூடவே முன்பு இல்லாத ஒரு டக்டக் சத்தமும். திரும்பப் போனால், இசிஎம் (என்ஜினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர்) போய்விட்டது, இன்னும் 45,000 ஆகும் என்றார்கள். சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கீழக்கரைப் பக்கம் பம்ப், நாசில் (இன்ஜெக்டரின் நுனி) வேலையிலேயே தலை நரைத்த ஒரு பாய் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. "தம்பி, ஆட்டம் விட்டு விட்டு வருதா, எப்பவும் இருக்கா?" என்று கேட்டார். விட்டு விட்டு என்றேன். "புகை?" இல்லை என்றேன். ஸ்கேனரில் அதே பி0203. அவர் சொன்ன விளக்கம் இது: 0201 முதல் 0204 வரையிலான கோளாறு எண் அந்தந்த சிலிண்டருடைய இன்ஜெக்டர் சர்க்கியூட்டைக் குறிப்பது. அதாவது கரண்ட் போகிற வழி. அதில் வயர், கப்ளர் (வயரை இன்ஜெக்டரில் மாட்டுகிற பிளக்), இன்ஜெக்டர் காயில், இசிஎம் எல்லாம் அடக்கம். முதலில் பார்க்கவேண்டியது வயரும் கப்ளரும். நாசில் தேய்ந்தோ ஒழுகியோ இருந்தால் பெரும்பாலும் புகை காட்டிக் கொடுத்துவிடும், எரியாத டீசல் வெள்ளைப் புகையாக வரும். கரண்டே போகாத இன்ஜெக்டர் டீசலே இறக்காது. அப்புறம் புகை எங்கிருந்து வரும்? அதோடு, தேய்ந்த நாசில் காலையில் கெட்டு மத்தியானம் தானாகச் சரியாவதில்லை. வந்து வந்து போகிற கோளாறு என்றால் வயரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

என்ஜினை நிறுத்திவிட்டு மூன்றாவது கப்ளரின் லாக்கை அழுத்தி மெதுவாக உருவினார். உள்ளே இருக்கவேண்டிய ரப்பர் சீல் வெடித்து ஒரு பக்கம் மடிந்து கிடந்தது. இரண்டு பின்னில் ஒன்று பித்தளை நிறத்தில் இருந்தது. இன்னொன்றின் மேல் பச்சைக் களிம்பு, பழைய செப்புக் குடத்து விளிம்பில் இருக்குமே, அதேபோல. ஊசியால் சுரண்டியபோது தூளாக உதிர்ந்தது. வயரைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தார், இன்சுலேஷனுக்குள்ளேயும் ஒரு விரல் நீளத்துக்குச் செம்பு கறுத்துப்போயிருந்தது. கறுத்த பகுதியை வெட்டி எறிந்து புது கப்ளர் வைத்து சால்டர் செய்தார். மற்ற மூன்றையும் காண்டாக்ட் கிளீனர் அடித்து பிரஷ்ஷால் தேய்த்தார். என்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் கேபிளையும் கழற்றி, துருவைத் தேய்த்து மாட்டினார். மொத்தம் 1,400 ரூபாய். ஆட்டம் நின்றது.

ஒர்க்‌ஷாப்பில் மாற்றியதும் கொஞ்ச நாள் ஏன் நன்றாக ஓடியது என்பதும் அப்போதுதான் புரிந்தது. கப்ளரைக் கழற்றி மாட்டும்போது களிம்பு உரசிக் கொஞ்சம் தொடர்பு கிடைக்கும். புதுப் பொருள் வேலை செய்கிறது என்று நாம் நம்பிவிடுவோம்.

டக்டக் சத்தம் மட்டும் போகவில்லை. பாய் டார்ச் அடித்து இன்ஜெக்டர்களின் தலையைப் பார்த்தார். நான்கில் இரண்டு ஒரு பார்ட் நம்பர், மற்ற இரண்டு வேறு நம்பர். ஒன்றின் நட்டில் ஏற்கெனவே கழற்றிய ஸ்பேனர் தழும்பு. இந்த வகை இன்ஜெக்டர் ஒவ்வொன்றிலும் ஒரு திருத்தக் கோடு (குறியீடு) அச்சிட்டிருக்கும், மாற்றினால் அதை ஸ்கேனர் வழியாக இசிஎம்மில் எழுதவேண்டும். எந்த சிலிண்டருக்கு எவ்வளவு டீசல் என்ற நுண்கணக்கு அதை வைத்துத்தான். இசிஎம்மில் இருந்த நான்கு கோடும் என்ஜினில் இருந்த எதோடும் ஒத்துப்போகவில்லை. பழைய சரக்கைப் புதிது என்று மாட்டியிருக்கிறார்கள், கோடும் ஏற்றவில்லை. கோளாறே இல்லாத என் நான்கு இன்ஜெக்டரும் எங்கே போனது என்று எனக்கு இன்றுவரை பதில் இல்லை. வயிற்றெரிச்சல் அதுதான். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆகவே இன்ஜெக்டரை மாற்றவேண்டும் என்று யார் சொன்னாலும், கழற்றுவதற்கு முன்பே கப்ளரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மீட்டர் வைத்து நான்கு இன்ஜெக்டர் காயிலையும் அளந்து ஒப்பிடச் சொல்லுங்கள். சொலினாய்டு (காந்தச் சுருள்) வகையில் ரெசிஸ்டன்ஸ் பெரும்பாலும் ஒரு ஓமுக்கும் குறைவாக, நான்கிலும் கிட்டத்தட்ட ஒரே அளவாக வரும். ரிட்டர்ன் டெஸ்ட் என்பது நான்கு டியூப் மாட்டி என்ஜினை ஓடவிட்டுப் பார்ப்பது, சில நிமிட வேலை. எதில் டீசல் மற்றதைவிட அதிகமாக நிரம்புகிறதோ அது உள்ளே கசிகிறது. கூட நின்று பாருங்கள். கழற்றிய பிறகும் நாசில் பழுது என்று சொன்னால் டெஸ்ட் பெஞ்ச் (இன்ஜெக்டரைத் தனியாக மாட்டிச் சோதிக்கிற மெஷின்) ரிப்போர்ட் கேளுங்கள். சூடான என்ஜினில் மிஸ்ஸிங் அடிப்பதற்கு குளோ பிளக்கைக் காரணம் சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். அது குளிர்ந்த என்ஜின் ஸ்டார்ட் ஆவதற்கு உதவுகிற சாமான்.

பழைய பம்ப் வண்டியில் செய்வதுபோல காமன் ரெயிலில் ஓடும்போது பைப் நட்டை லூஸ் செய்து பார்க்க யாரையும் விடாதீர்கள். ரெயிலில் 1,000 பாருக்கு மேலும் அழுத்தம் ஏறும், டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கை போய்விடும். பியசோ (காந்தச் சுருளுக்குப் பதில் படிகத்தால் இயங்குகிற) வகை இன்ஜெக்டரில் ஓடும்போது கப்ளரைப் பிடுங்கவும் கூடாது. எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று ஸ்கேனரிலேயே ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கலாம்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. சொந்தப் பிழைப்புக்காக வண்டி ஓட்டுகிறவரும் நுகர்வோர்தான், சவாரி வண்டி என்று தயங்கவேண்டாம். பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் செய்து வழி கேட்கலாம். இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும்.

ராமநாதபுரத்தில் இன்ஜெக்டர் மாற்றியவர்கள் யாராக இருந்தாலும் பானட்டைத் திறந்து நான்கு பார்ட் நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். மேலே கவர் இருந்தால் அதை மட்டும் எடுத்தால் போதும். நம்பர் வித்தியாசமாக இருந்து, கையில் எஸ்டிமேட் சீட்டு, பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட் இருந்தால் எனக்குத் தெரிவியுங்கள். ஆணையத்தில் என்னுடையதோடு சேர்த்துக் காட்டுகிறேன்.