மலைக்கு நடுவே பறக்க ஜிபிஎஸ்ஸா, ஜைரோவா?

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில் போனில் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். பர்லியார் நெருங்கும்போது நீலப்புள்ளி சட்டென்று கீழ்வளைவுக்குத் தாவிவிட்டுத் திரும்பும். பக்கத்து சீட்காரர், "மூடுபனி சார், சிக்னல் வராது" என்பார். பனிமேல் வீண்பழி. ஜிபிஎஸ் அலையின் நீளம் சுமார் 19 செ.மீ.; அதற்குப் பனி ஒரு பொருட்டே இல்லை. வானத்தை மறைப்பது மலைச்சரிவு. பாறையில் மோதித் திரும்பும் அலையும் ரிசீவரை ஏமாற்றும்.

தொட்டபெட்டாவுக்கு (2,637 மீ.) வெகு மேலே போகும் விமானத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. பள்ளத்தாக்குக்குள் நுழையும் ஹெலிகாப்டருக்கு உண்டு.

ஜிபிஎஸ்ஸின் பலம், அதன் பிழை நேரம் போகப் போக வளராது. திறந்த வானத்தில் எப்போதும் சில மீட்டருக்குள் நிற்கும். ஆனால் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வரும் சிக்னல் மிக மெலிந்தது, ஜாமர் வைத்தால் முடக்கிவிடலாம். சுழற்சியை அளக்கும் ஜைரோவும் வேகமாற்றத்தை அளக்கும் ஆக்சிலரோமீட்டரும் சேர்ந்த இனர்ஷியல் கருவி (சுருக்கமாக ஜைரோ என்றே சொல்வோம்) நேர்மாறு. வெளியே யாரையும் கேட்காது, நொடிக்கு நூறு முறைக்கு மேல் இடத்தையும் சாய்வையும் சொல்லும். ஆனால் பிழை சேர்ந்துகொண்டே போகும். பயணிகள் விமானத்தில் இருக்கும் உயர்தரக் கருவியே தனியாக விட்டால் மணிக்கு ஒரு கடல் மைல் அளவில், அதாவது 1.85 கி.மீ., விலகும். மலிவு சிப்பில், ஆக்சிலரோமீட்டரின் அளவில் புவியீர்ப்பின் ஆயிரத்தில் ஒரு பங்கு பிழை இருந்தால் போதும், விலகல் ஒரு நிமிடத்தில் 18 மீட்டர், இரண்டு நிமிடத்தில் 70 மீட்டர். உயரக் கணக்கு இன்னும் மோசம், அதற்கு பாரோமீட்டர் துணை வேண்டும்.

ஆக இரண்டையும் சேர்க்கத்தான் வேண்டும். எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் உண்மையான போட்டி. தளர்ந்த இணைப்பில் ரிசீவர் தானே இடத்தைக் கணக்கிட்டு, விடையை மட்டும் கால்மன் ஃபில்டருக்கு (இரண்டு கருவிகளின் அளவுகளையும் எது எவ்வளவு நம்பகம் என்று பார்த்துக் கலக்கும், 1960-இல் வந்த கணக்குமுறை) அனுப்பும். எளிது, மலிவு. ஆனால் விடை காண நான்கு சாட்டிலைட் வேண்டும். மலை மறைத்து மூன்றாகிவிட்டால் ஃபில்டருக்குப் புதிதாக ஒன்றும் வராது, மிஞ்சுவது ஜைரோ மட்டும். இறுக்கமான இணைப்பில் ஒவ்வொரு சாட்டிலைட்டின் தூர அளவும் நேரடியாக ஃபில்டருக்குள் போகும். இரண்டு தெரிந்தாலும் அந்த இரண்டும் விலகலைப் பிடித்து நிறுத்த உதவும். ஒரே ஒரு அளவு மற்றவற்றோடு ஒட்டவில்லை என்றால் அதை மட்டும் ஒதுக்கவும் முடியும். பாறையில் பட்டு வந்த அலையை அப்படித்தான் கழிப்பார்கள். ரிசீவர் கடிகாரத்தின் பிழையையும் ஃபில்டரே கணக்கிட வேண்டும், அதனால் வேலை கூடுதல்.

ஜிபிஎஸ் பிழைகளைத் திருத்தும் இந்தியாவின் சாட்டிலைட் சேவையான ககன் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: அது அயனிமண்டலத் தாமதத்தையும் சாட்டிலைட்டின் கடிகார, பாதைப் பிழைகளையும் திருத்தும். மலையை நகர்த்தாது.

தேயிலைத் தோட்டத்துக்கு மேலே திறந்த வானில் பறக்கும் டிரோனுக்குத் தளர்ந்த இணைப்பே தாராளம். பள்ளத்தாக்குக்கு என் ஓட்டு நடுத்தர ஜைரோவும் இறுக்கமான இணைப்பும். சாட்டிலைட் ஒன்றுகூடத் தெரியாமல் பல நிமிடம் பறக்க வேண்டியிருந்தால் மட்டும் விலையுயர்ந்த ஜைரோவுக்குப் பணம் ஒதுக்கலாம்.