ரேடியோஹெட்டுடன் 25 ஆண்டுகள்

ரேடியோஹெட் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் இசைத்தொகுப்பு எதைப் பற்றியும் முதல் மாதத்தில் நான் கொண்ட கருத்து பெரும்பாலும் நிலைத்ததில்லை. 2000 முதல் தொடர்ந்து கேட்டுவருபவன் என்ற முறையில், அவர்களுடைய இசை நாள்பட நாள்பட எப்படி மாறி ஒலிக்கிறது என்பதையே இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

ஆக்ஸ்ஃபோர்டு அருகே ஆபிங்டனில் ஒரே பள்ளியில் படித்த ஐவர் 1985-இல் தொடங்கிய குழு இது. இன்றுவரை அதே ஐவர்தான். 1992-இல் வெளியான 'கிரீப்' என்ற பாடல் அவர்களுக்குப் புகழைத் தந்தது. அதைப் போலவே இன்னொன்றைச் செய்திருந்தால் பிழைப்பு நடந்திருக்கும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை.

1997-இல் வந்த 'ஓகே கம்ப்யூட்டர்' கிட்டார் இசையின் உச்சம் என்று நம்பியிருந்த எனக்கு, 2000 அக்டோபரில் வந்த 'கிட் ஏ' பெரிய ஏமாற்றமாக இருந்தது. முதல் பாடலில் கிட்டாரே இல்லை; கீபோர்டின் மேல் பாடகர் தாம் யார்க்கின் குரல் துண்டு துண்டாக வெட்டப்பட்டு இரண்டு காதுகளுக்கும் இடையே அலைந்தது. குறுந்தகட்டை உறையிலிட்டு எட்டு மாதங்கள் தொடாமல் வைத்திருந்தேன். பிறகு ஓர் இரவு, உறக்கம் வராமல் ஹெட்ஃபோனில் நான்காவது பாடலைக் கேட்டபோதுதான் அதன் அடியில் நடப்பது பிடிபட்டது. விரலில் மோதிரம் மாட்டி நகர்த்தி வாசிக்கும் ஒண்ட் மார்ட்டெனோ என்னும் பழைய பிரெஞ்சு மின்னிசைக் கருவியை, குழுவின் கிட்டார் கலைஞர் ஜானி கிரீன்வுட் அதில் பயன்படுத்தியிருக்கிறார். வயலின்கள் மெல்ல மெல்லச் சுருதி பிசகுவதுபோல் திரண்டு, தாங்க முடியாத இறுக்கத்தை எட்டிப் பின் அவிழும் இடத்தில், யார்க்கின் குரல் சொற்களை விட்டுவிட்டு வெறும் நாதமாக மேலெழுகிறது. எத்தனையோ முறை கேட்ட பிறகும் அந்த இடத்தில் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிடுகிறேன்.

2007 அக்டோபர் 10 அன்று 'இன் ரெயின்போஸ்' தொகுப்பை இணையத்தில் வெளியிட்டபோது, அதன் விலையை ரசிகரே தீர்மானிக்கலாம் என்றார்கள். உலகம் அந்த விற்பனை முறையைப் பற்றியே பேசியது. இறக்கிக்கொண்ட கோப்பு 160 கேபிபிஎஸ் என்ற குறைவான ஒலித்தரத்தில்தான் இருந்தது என்பதால், பின்னர் குறுந்தகடு வாங்கிக் கேட்டபோது டிரம்ஸ் கலைஞர் ஃபில் செல்வேயின் தாளத் தட்டுகள் அடங்கி ஓயும் ஒலி எனக்கு முதன்முறையாகத் தெளிவாகக் கேட்டது. யாருக்கேனும் ஒரே ஒரு தொகுப்பைப் பரிந்துரைக்க நேர்ந்தால் இதைத்தான் தயங்காமல் கொடுப்பேன்.

எல்லாம் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். 2003-இன் 'ஹெய்ல் டு த தீஃப்' நீளம் கூடியது. அதில் மூன்று நான்கு பாடல்களைக் குறைத்திருக்கலாம். எட்டே பாடல்கள் கொண்ட, 2011-இன் 'த கிங் ஆஃப் லிம்ப்ஸ்' தாளங்களைச் சுழற்றிச் சுழற்றிக் கட்டப்பட்டது. அதனுடன் எனக்கு இன்னும் நெருக்கம் ஏற்படவில்லை, ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துக் கேட்கிறேன்.

இந்தக் குழுவின் பொறுமையை முழுமையாக உணர்த்தியது 'ட்ரூ லவ் வெய்ட்ஸ்' என்ற பாடல். 1995-இல் தாம் யார்க் அக்கூஸ்டிக் கிட்டாருடன் மேடையில் பாடிய அந்தப் பாடலின் மேடைப் பதிவு 2001-இல் வந்தது. ஸ்டுடியோ வடிவமோ 2016-இல் 'எ மூன் ஷேப்ட் பூல்' தொகுப்பின் கடைசிப் பாடலாகத்தான் வெளியானது. கிட்டார் போய்விட்டது. ஒன்றோடொன்று முழுதாக ஒட்டாத பியானோ இழைகள் மட்டும் விட்டுவிட்டு விழுகின்றன. இளைஞனாக அவர் கெஞ்சிப் பாடிய "போய்விடாதே" என்ற வேண்டுகோளை, ஐம்பதை நெருங்கும் வயதில், ஏற்கெனவே போய்விட்ட ஒருவரை நோக்கிச் சொல்வதுபோல் பாடுகிறார். இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்கும் வழக்கம் எனக்கு உண்டு. பழையதை எப்போதும் முதலில் வைப்பேன்.