மலைச்சரிவு டுரியான் தோட்டத்தில் பங்கு வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பினாங்குத் தீவில், பாலிக் பூலாவ் பக்கத்து மலைச்சரிவில் உள்ள ஒரு டுரியான் தோட்டத்தைப் பங்கு பங்காகப் பிரித்து, ஓய்வுபெற்ற நம்மவர்களைத் தேடிப் பிடித்து ஒரு தரகர் விற்று வருகிறார். நானும் என் அண்ணனும் அவரிடம் முன்பணம் கட்டினோம். இதுவரை ஒரு காசு திரும்பவில்லை. இதில் போலிப் பத்திரம் எதுவும் கிடையாது என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. காட்டப்பட்ட கிராண்டு, அதாவது நில உரிமைப் பத்திரம், உண்மையானது; அதில் பெயருள்ள உரிமையாளரும் உண்மையானவர்.

அது மூன்று புறமும் வனக் காப்பகம் சூழ்ந்திருக்க, நடுவே தனியார் வசம் இருக்கும் ஒரு துண்டு நிலம். இப்படிப்பட்ட நிலங்கள் பினாங்கில் அபூர்வமல்ல. கொடிமலையில் (பினாங்கு ஹில்) ஆங்கிலேயர் காலத்துப் பங்களாக்கள் சில இன்றும் தனியார் பெயரில் இருக்கின்றன. சரிவுகளில் பழத்தோட்டங்களும் உண்டு. 2021-இல் யுனெஸ்கோ கொடிமலை வட்டாரத்தை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தபோதும் அந்த உரிமைகள் பறிபோகவில்லை. தரகர் இதையே சரக்காக்கிக்கொண்டார். “யுனெஸ்கோவே ஒத்துக்கிட்ட இடம் அண்ணே, பக்கத்துல ஒருத்தனும் வந்து கட்ட முடியாது, காடு முழுக்க உங்க கொல்லைப்புறம்தான்” என்றார். பக்கத்தில் ஒருவனையும் கட்டவிடாத அதே விதி நம்மையும் கட்டவிடாது என்பதை மட்டும் அவர் வாய் திறந்து சொல்லவில்லை.

பினாங்கில் கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு, அதாவது 250 அடிக்கு மேலே இருக்கும் இடமும், 25 பாகைக்கு மேற்பட்ட சரிவும் மலைநிலமாகக் கொள்ளப்படுகின்றன. மாநில அரசு சிறப்புத் திட்டமாக ஏற்கும் சிலவற்றைத் தவிர அங்கே கட்டுமானத்துக்கு இடமில்லை. அதோடு, 1960-ஆம் ஆண்டின் நிலப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மலைநிலமாக அறிவிக்கப்பட்ட இடத்தில், நிலம் சொந்தமாகவே இருந்தாலும், நில நிர்வாகியின் அனுமதியின்றி மரஞ்செடிகளை வெட்டித் துப்புரவாக்க முடியாது. எங்களுக்குக் காட்டிய தோட்டம் 76 மீட்டருக்கு வெகு உயரத்தில் இருக்கிறது. கிராண்டில் நிலத்தின் வகை ‘பெர்த்தானியான்’, அதாவது விவசாயம். தரகரோ ஒவ்வொரு பங்கிலும் ஒரு குடில் கட்டி ஹோம்ஸ்டேயாக விடலாம் என்று வண்ண வரைபடமே தயாரித்து வைத்திருந்தார். அந்த வரைபடத்தில் கோடு போட்டிருந்த கால் ஏக்கர் மனைகளும் வெறும் ஓவியம்தான். ஏனென்றால் நிலச் சட்டத்தின்படி விவசாய நிலத்தை ஐந்தில் இரண்டு ஹெக்டருக்கு, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கருக்கு, குறைவான துண்டுகளாகப் பிரித்துத் தனிக் கிராண்டு எடுக்க முடியாது.

அடுத்தது பாதை. தோட்டத்துக்கு ஏறுவது மோட்டார் சைக்கிள் மட்டுமே போகக்கூடிய ஒரு சிமெண்டுப் பாதை. நடுவே பாசி பிடித்து, ஓரம் சில இடங்களில் அரித்துப்போயிருந்தது. பாதி வழியில் ஒரு மரத்தில் ‘ஹுத்தான் சிம்பான் கெக்கால்’ என்ற பலகை அறைந்திருந்தது. அதைக் கடக்கும்வரை தரகர் மூசாங் கிங் வகை டுரியானின் விலையைப் பற்றிய பேச்சை நிறுத்தவேயில்லை. நிரந்தர வனக் காப்பகத்தின் ஊடே செல்லும் பாதை தோட்டத்தோடு சேர்ந்த சொத்தல்ல. அதை அகலப்படுத்த வனத்துறையின் அனுமதி வேண்டும். வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்யும் அண்ணனின் மருமகள் படங்களைப் பார்த்துவிட்டு, “கார எங்க நிறுத்துவீங்க, சின்ன மாமா?” என்று ஒரே கேள்விதான் கேட்டாள். நில அலுவலகத்தில் அதிகாரப்பூர்வத் தேடல் எடுத்துத் தந்ததும் அவள்தான். அந்தத் தேடலில் உரிமையாளர், நிலத்தின் வகை, நிபந்தனைகள், அடமானம், கேவியட் (நிலத்தைக் கைமாற்றவிடாமல் போடும் தடைக்குறிப்பு) எல்லாம் வரும்; உயரமும் சரிவும் வராது. தேடல் தாளை நீட்டி “எல்லாம் சுத்தம்” என்று யாராவது சொன்னால், மாநகர் மன்றத்தின் திட்டமிடல் பிரிவிலும் மாவட்ட வன அலுவலகத்திலும் நிலத்தின் லாட் எண்ணைக் கொடுத்துத் தனியே விசாரியுங்கள்.

பணம் போன வழியும் கவனிக்க வேண்டியது. பதிவுபெற்ற சொத்து முகவர்கள் மதிப்பீட்டாளர் வாரியத்தின்கீழ் வருகிறார்கள்; அவர்களிடம் வேலை செய்பவர்களுக்கு எண்ணிட்ட அடையாள அட்டை உண்டு, முன்பணம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குக்குத்தான் போக வேண்டும். இவரிடம் அட்டை இல்லை, உரிமையாளருக்கு வேண்டியவர் என்றே சொல்லிக்கொண்டார், பணத்தைத் தன் சொந்தக் கணக்கில் வாங்கினார். ரசீதில் ‘திருப்பித் தரப்படாது’ என்ற வரி மிகச் சிறிய எழுத்தில் இருந்தது. உரிமையாளரை நேரில் பார்த்தபோது, முழு நிலத்துக்கும் ஓர் ஆள் தேடச் சொன்னாரே தவிர, பங்கு போட்டு விற்பது அவருக்கே தெரியாது என்று தெரியவந்தது.

பணத்தைக் கேட்டபோது தரகர் கோபப்படவில்லை. “கிராண்டு உண்மைதானே அண்ணே, நான் என்ன பொய் சொன்னேன்? வீடு கட்ட முடியலன்னா கூடாரம் போட்டு வாடகைக்கு விடுங்க” என்றார். 2022 டிசம்பரில் பத்தாங் காலியில் மண் சரிந்து 31 பேர் இறந்தது இப்படி ஒரு விவசாயப் பண்ணையில் நடந்த முகாமில்தான். முகாம் நடத்த அங்கே உரிமம் இல்லை என்று அதிகாரிகளே அறிவித்தார்கள். அதற்குப் பிறகும் இந்த யோசனையைக் கூசாமல் சொல்ல ஒருவருக்கு வாய் வருகிறது.

போலீஸ் புகாரை வாங்கிக்கொண்டார்கள், ஆனால் இது சிவில் வழக்கு என்றார்கள். 5,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) உட்பட்ட தொகையென்றால் சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே கேட்கலாம். எங்கள் தொகை அதைத் தாண்டியதால் வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். அதே தோட்டம் இப்போது ‘ஓய்வுகாலப் பழத்தோட்டப் பங்கு’ என்ற பெயரில் சுங்கை பட்டாணி பக்கத்து நண்பர்களுக்கு வாட்சாப்பில் வருகிறது. ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் ரசீதையும் உரையாடல்களையும் அழிக்காமல் வைத்து, அவரவர் வட்டாரப் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுங்கள். தரகருக்குப் பதிவு இல்லை என்பதை வாரியத்துக்கும் தனியாக எழுதுங்கள், நாங்கள் எழுதிவிட்டோம்.