ஜோட்டெரோ, மெண்டலி, எண்ட்நோட்: ஆய்வேட்டுக்கு எது?

இவை மூன்றும் நாம் படித்த நூல்கள், கட்டுரைகளின் விவரங்களைச் சேர்த்து வைத்து மேற்கோள் காட்ட உதவும் மென்பொருள்கள். வேர்டு கோப்புக்குள் மேற்கோளைச் செருகுவது, துணைநூற்பட்டியலைத் தானே அமைப்பது, ஏபிஏ என்ற மேற்கோள் பாணியில் இருப்பதை வான்கூவர் என்ற பாணிக்கு மாற்றுவது. இதையெல்லாம் மூன்றுமே செய்துவிடும். அதனால் நான் பார்ப்பது வேறு: வருடக்கணக்கில் சேர்த்ததை நாளைக்கு வெளியே எடுத்துப் போக முடியுமா?

இந்தக் கேள்வியில்தான் மெண்டலி சறுக்குகிறது. பிடிஎஃப் கோப்பை இழுத்துப் போட்டால் தலைப்பு, ஆசிரியர் விவரங்களை அதுவே எடுத்துக்கொள்ளும். இலவசமாக 2 ஜிபி இடமும் உண்டு. ஆனால் 2013-இல் எல்சேவியர் பதிப்பகம் அதை வாங்கியது. 2018-இல் பயனரின் கணினியிலேயே இருக்கும் தரவுத்தளத்தை மறையாக்கம் செய்ததும், ஜோட்டெரோ அதை நேரடியாகப் படிக்க முடியாமல் போனது. 2021-இல் கைப்பேசிச் செயலியும் நின்றது. எல்லா மேற்கோள் மென்பொருளும் படிக்கக்கூடிய பிப்டெக், ஆர்ஐஎஸ் என்ற பொது வடிவக் கோப்புகளாக எடுக்க வழி இருக்கிறது, சரி. நூல் விவரம் வந்துவிடும். ஓரத்தில் எழுதிய குறிப்புகள் அந்தக் கோப்புகளில் வராது.

ஜோட்டெரோ 2006-இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மையத்தில் பிறந்த திறமூல மென்பொருள். இலவச இடம் 300 எம்பிதான் என்று பலர் தயங்குகிறார்கள். அந்த வரம்பு இணைக்கும் கோப்புகளுக்கு மட்டும். நூல் விவரங்களை ஒத்திசைக்க வரம்பே இல்லை. எனக்குப் பிடித்தது இன்னொன்று. திரும்பப் பெறப்பட்ட கட்டுரை உங்கள் சேகரிப்பில் இருந்தால், ரிட்ராக்‌ஷன் வாட்ச் (இப்படித் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் தளம்) தரவை வைத்து எச்சரிக்கும். ஆய்வேட்டுத் தேர்வாளர் கண்ணில் படுவதற்கு முன் நமக்குத் தெரிவது நல்லதுதானே! வேர்டுக்குப் பதில் லாடெக் என்ற ஆவண அமைப்பு மென்பொருளில் எழுதுபவர்கள் பெட்டர் பிப்டெக் செருகுநிரலைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

எண்ட்நோட் காசு கொடுத்து வாங்குவது. மருத்துவத் துறையில் முறைசார் மீளாய்வு (ஒரு கேள்விக்கான ஆய்வுகளை எல்லாம் திரட்டி மதிப்பிடுவது) செய்பவர்களிடம் அதற்கு நல்ல பெயர். பல்கலைக்கழக உரிமத்தில் கிடைத்தால், படிப்பு முடிந்த பிறகு என்ன ஆகும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அப்புறம் ஒரு பழைய கதை: எண்ட்நோட்டின் மேற்கோள் பாணிக் கோப்புகளை ஜோட்டெரோ கையாண்டதற்காக, அன்றைய உரிமையாளர் தாம்சன் ராய்ட்டர்ஸ் 2008-இல் ஜார்ஜ் மேசன் மீது வழக்குப் போட்டது. அடுத்த ஆண்டே அது தள்ளுபடியானது.

தனியாக எழுதுபவருக்கு நான் ஜோட்டெரோவைத்தான் சொல்வேன். குழுவில் மற்றவர்கள் எண்ட்நோட் வைத்திருந்தால் மட்டும் நீங்களும் அதற்கே போய்விடுங்கள். ஒன்று செருகிய மேற்கோளை இன்னொன்று அடையாளம் காணாது. ஒரே வேர்டு கோப்பில் இரண்டையும் கலந்தால் கடைசியில் எல்லாவற்றையும் கையால்தான் திருத்த வேண்டும்.