குன்னூர் ஈரத்தில் எது தாங்கும்? ஃபிகர், கன்பிளா, மங்கா, கேம் டிஸ்க்: ஓர் அலசல்

அனிமே என்கிற ஜப்பானிய அனிமேஷனைப் பார்ப்பதோடு நிற்காமல் பொருளாகவும் சேர்க்க ஆரம்பிக்கிறவர்களுக்கு யூடியூபில் கொட்டிக்கிடக்கும் அறிவுரை எல்லாம் ஏசி போட்ட அறையை மனதில் வைத்துச் சொல்லப்பட்டது. இடம், தூசி, பட்ஜெட், அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. நீலகிரியில் இருக்கிற நமக்கு முதல் கணக்கே ஈரம். கூடலூர்ப் பக்கம் ஜூனிலேயே தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும், குன்னூர் கோத்தகிரிப் பக்கம் அக்டோபரில் வடகிழக்கு ஆரம்பித்தால் டிசம்பர் வரை விடாது, நடுவில் மழையே பெய்யாத நாளிலும் மத்தியானத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கி ஜன்னல் இடுக்கு வழியாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பீரோவுக்குள் தொங்கும் தோல் பெல்ட்டில் பூசணம் பூக்கிற ஊர் இது. காற்றில் ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் பல நாள் நின்றாலே பூஞ்சைக்குப் போதும்.

அதனால் எது அழகு, எது மவுசு என்பதைவிட, இந்தக் குளிரிலும் ஈரத்திலும் எது பத்து வருஷம் தாங்கும், வரி போக எவ்வளவு காசு ஆகும், கொடுத்த காசுக்கு எவ்வளவு நேரம் சந்தோஷம் கிடைக்கும் என்று பார்த்து ஒப்பிடுகிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மலையில் இருப்பவருக்கு கன்பிளா, அதாவது கண்டம் (Gundam) ரோபோவின் மாடல் கிட்தான் முதலிடம். ஏன் என்பதற்கு வருவதற்குள் மற்றவற்றைப் பார்த்துவிடலாம்.

ஃபிகர் என்பது கதாபாத்திரத்தின் பிளாஸ்டிக் சிலை. அதில் இரண்டு வகைக்கு நடுவேதான் பெரிய போட்டி. ஸ்கேல் ஃபிகர் என்பது 1/7, 1/8 என்று அளவு சொல்லி விற்பது. 160 சென்டிமீட்டர் உயரமுள்ள பாத்திரம் 1/7-ல் சுமார் 23 சென்டிமீட்டர் வரும். ஜப்பானில் பெரும்பாலும் 15,000 யென்னுக்கு மேல், மாதக்கணக்கில் முன்பதிவு செய்து காத்திருக்க வேண்டும், ஒரு தடவை தயாரித்து முடித்துவிட்டால் அப்புறம் பெரும்பாலும் மறுவிற்பனை விலைதான். பிரைஸ் ஃபிகர் வேறு வழியில் வருவது. ஜப்பானிய கேம் சென்டர்களில் கிரேன் இயந்திரத்தில் பிடித்து எடுக்கிற பரிசாகத் தயாரிக்கப்படுவது, பரிசின் மதிப்பு சுமார் 1,000 யென்னைத் தாண்டக்கூடாது என்ற வரம்புக்குள் செய்யப்படுவது. பன்ப்ரெஸ்டோ, சேகா, டைட்டோ, ஃபுரியூ என்கிற பிராண்டுகள் எல்லாம் இதில்தான் மோதிக்கொள்கின்றன. பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் வந்த பிரைஸ் ஃபிகரையும் இப்போது வருவதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முகத்தின் அச்சு, முடியின் நுனி எல்லாவற்றிலும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஸ்கேல் ஃபிகரில் துணி மடிப்பின் உள்பக்க நிழல்கூட பெயின்ட்டில் வந்திருக்கும், பிரைஸில் அது இருக்காது, ஒரே நிறமாக விட்டிருப்பார்கள். ஒரு கை தூரத்தில் ஷெல்ஃபில் நிற்கும்போது அந்தக் குறை கண்ணில் படுவதே இல்லை.

இப்போது மலைக்கு வருவோம். ஃபிகரின் பெரும்பகுதி பிவிசி என்கிற பிளாஸ்டிக். பிவிசிக்குப் பெரிய எதிரி வெப்பம். ஒற்றைக் காலில் நிற்கிற மாதிரி செய்த ஃபிகர் சமவெளியில் ரெண்டு கோடையைத் தாண்டுவதற்குள் மெதுவாகச் சாய ஆரம்பிக்கலாம். நம் ஊரில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. இந்த ஒரு விஷயத்தில் குன்னூர்க்காரர் சென்னைக்காரரைவிடக் கொடுத்துவைத்தவர். ஆனால் பிவிசியை மிருதுவாக வைத்திருக்கச் சேர்க்கிற பிளாஸ்டிசைசர், காற்றோட்டமில்லாமல் பெட்டிக்குள்ளேயே அடைத்து வைத்தால் மெல்ல வெளியே கசிந்து மேற்பரப்பு பிசுபிசுக்கும், அந்தப் பிசுபிசுப்பில் தூசி ஒட்டும், தூசியில் ஈரம் சேர்ந்தால் பூசணம் பிடிக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, இடுக்குகளில் துளி ஈரம் இல்லாமல் உலர்த்தினால் சரியாகிவிடும்.

பெட்டியைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. ஸ்கேல் ஃபிகரின் மறுவிற்பனை மதிப்பு அந்த அட்டைப் பெட்டியையும் பொறுத்தது, நம் ஊரில் முதலில் போவதும் அந்த அட்டைதான். ஓதம் ஏறிய சுவரை ஒட்டி, கட்டிலுக்கு அடியில் என்று எங்கே வைத்தாலும் ஒரே மழைக்காலத்தில் மூலை உப்பி, புள்ளி விழுந்துவிடும். அதாவது 'பிடிக்காவிட்டால் விற்றுவிடலாம்' என்ற தைரியத்தில் பெரிய தொகை போடுகிறவர்களுக்கு மலை ஒத்துவராது. அதனால் ஃபிகர்தான் வேண்டும் என்றால் என் ஓட்டு பிரைஸ் ஃபிகருக்கு. பெட்டி போனாலும் மனசு உடையாத விலை, முகமும் நிற்கும் தோரணையும் நன்றாகவே இருக்கும். ரொம்பவும் பிடித்த ஒரே ஒரு பாத்திரத்துக்கு மட்டும் ஸ்கேல் வாங்குங்கள், வாங்கினால் பெட்டியை மறந்துவிட்டு வெளியே எடுத்து வைத்துப் பாருங்கள்.

வெளியே எங்கே வைப்பது என்பதும் முக்கியம். நம் வெயில் இதமாக இருப்பதால் ஜன்னலோரம் வைக்கலாம் என்று தோன்றும். கூடவே கூடாது. 1,000 மீட்டர் உயரம் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், குன்னூர் 1,800 மீட்டருக்கு மேல், ஊட்டி 2,200-க்கும் மேல். ஜனவரி, பிப்ரவரியில் மேகமே இல்லாத நீல வானத்தின் கீழ் ஜன்னலோரம் நிற்கும் வெள்ளை உடை மஞ்சளாகும், இளஞ்சிவப்பு முடி வெளுக்கும்.

நெண்டோராய்டு பற்றிச் சுருக்கமாக. குட் ஸ்மைல் கம்பெனி 2006-லிருந்து விடுகிற, பத்து சென்டிமீட்டர் உயரம், பெரிய தலை, மாற்றி மாட்டக்கூடிய முகங்கள் என்று வரும் வகை. இடம் அடைக்காது, சின்ன டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு வைத்து, அவ்வப்போது திறந்து காற்றாட விடலாம் என்பதால் மலைக்கு நன்றாகவே ஒத்துப்போகும். ஆனால் விலை பிரைஸ் ஃபிகரைவிட ரொம்பவே அதிகம், டூப்ளிகேட்டும் அதிகம். முகத்தின் தோல் எண்ணெய் தடவியது மாதிரி மின்னினால், கண்ணின் அச்சு விளிம்பில் மங்கியிருந்தால், கழுத்து இணைப்பு ஆடினால் தொடவே வேண்டாம்.

அடுத்தது வரி. இது ஃபிகர், கன்பிளா இரண்டுக்கும் பொது. பொம்மைகளுக்கான அடிப்படை சுங்க வரியை 2020-ல் 20-லிருந்து 60 சதவீதமாக்கினார்கள், 2023-ல் அது 70 ஆனது. ஜப்பானிலிருந்து நேராக வரவழைத்து அது பொம்மை என்று பதிவானால் பொருள் விலையைப் பார்த்துப் போட்ட பட்ஜெட் எல்லாம் காணாமல் போகும், கூடவே கப்பல் செலவு வேறு. இறக்குமதி செய்து இங்கேயே விற்கும் ஹாபி கடைகளில் எல்லாம் சேர்த்த விலையைக் கண்ணால் பார்த்து வாங்குவதே நிம்மதி. மலைக்கு வரும் பார்சலுக்கு மட்டும் உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு அனுப்பச் சொல்லுங்கள். மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் பெட்டி கீழேயே ஈரத்தில் கிடக்கும்.

சரி, கன்பிளா. 1979-ல் டிவியில் வந்த முதல் 'கண்டம்' அனிமே தொடரின் ரோபோக்களை பண்டாய் நிறுவனம் 1980-லிருந்து மாடல் கிட்டாக விட ஆரம்பித்தது. இப்போது வரும் கிட்களுக்குப் பசை வேண்டாம், பெயின்ட் கட்டாயமில்லை, ரன்னர் என்கிற சட்டத்திலிருந்து பாகங்களை வெட்டி எடுத்து அழுத்திப் பொருத்த வேண்டியதுதான். முதல் கண்டம் ரோபோவின் உயரம் கதையில் 18 மீட்டர், எனவே 1/144 அளவில் கையில் பன்னிரண்டரை சென்டிமீட்டர், 1/100-ல் 18 சென்டிமீட்டர்.

ஈரத்துக்கு இதைவிடத் தோதான பொருள் எனக்குத் தெரியாது. பாகங்களில் பெரும்பாலானவை பாலிஸ்டைரீன், நிறம் பிளாஸ்டிக்கிலேயே கலந்திருக்கிறது, அதனால் உரிந்துபோகப் பெயின்ட் இல்லை. பிசுபிசுப்பு கிடையாது. தூசி ஏறினால் பிரஷ்ஷால் தட்டலாம், பூசணம் பிடித்தாலும் பிரித்துக் கழுவி உலர்த்தித் திரும்ப மாட்டலாம். முக்கியமாக, மதிப்பு பெட்டியில் இல்லை. கட்டி முடித்த கன்பிளாவின் அட்டைப் பெட்டியை யாரும் கேட்கப் போவதில்லை, மடித்து எடைக்குப் போட்டுவிடலாம்.

நேரத்தையும் கணக்கில் சேருங்கள். ஃபிகரைப் பெட்டியிலிருந்து எடுத்து வைக்க ஐந்து நிமிஷம். ஒரு எம்ஜி கிட், அதாவது 1/100 மாஸ்டர் கிரேடு, நவம்பர் மழையில் கரண்ட் போய்ப்போய் வருகிற ஒரு வாரத்தின் சாயங்காலங்களை முழுசாக எடுத்துக்கொள்ளும். முதலில் உள்ளே எலும்புக்கூடு மாதிரியான சட்டம், அப்புறம் அதன் மேல் கவசம். கால் மட்டும் முடிந்த நிலையில் முழங்காலை மெதுவாக மடக்கிப் பாருங்கள், பல கிட்களில் பின்பக்கம் ஒரு சின்ன பிஸ்டன் அதனோடு சேர்ந்து உள்ளே வழுக்கிப் போகும். கவசம் மாட்டினால் அது பாதி மறைந்துவிடும். மறையப்போகிற இடத்தில்கூட பண்டாய்க்காரன் அசைவை வைத்திருக்கிறான் பாருங்கள், அதற்காகவே இதன் மேல் எனக்கு இவ்வளவு பிரியம்.

கிரேடுகளுக்குள் எது? 2020-ல் வந்த என்ட்ரி கிரேடு கண்டம் கிட்டுக்குக் கட்டர்கூட வேண்டாம், கையாலேயே பிரிக்கலாம், பத்து வயசுப் பையனுக்கு வாங்கித் தர இதுதான். ஹெச்ஜி, அதாவது ஹை கிரேடு, விலைக்கும் வகைக்கும் ராஜா, எந்தத் தொடரின் எந்த ரோபோ கேட்டாலும் அநேகமாக இதில் இருக்கும். 2010-ல் தொடங்கிய ஆர்ஜி, அதாவது ரியல் கிரேடு, சின்ன உருவத்தில் நுணுக்கத்தைத் திணிப்பது, பார்க்க அபாரம், ஆனால் அதன் ஆரம்பகால கிட்களில் மூட்டுகள் நாளடைவில் தளர்ந்துவிடும், கையில் எடுத்து அடிக்கடி தோரணை மாற்றுகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். பிஜி, அதாவது பெர்ஃபெக்ட் கிரேடு, 1/60, விலையும் இடமும் என் வீட்டுக்கு மீறியது. ஹெச்ஜியில் ஆரம்பித்து எம்ஜியில் நிலைத்துவிடுவதுதான் என் பரிந்துரை. கட்டர் மட்டும் நல்லதாக வாங்குங்கள். பாகத்தை ஒட்டி ஒரே வெட்டாக வெட்டாமல், முதலில் தள்ளி ஒரு வெட்டு, அப்புறம் மிச்சத்தை ஒட்டி ஒரு வெட்டு. அப்படிச் செய்தால் வெள்ளைத் தழும்பு விழாது.

மலைக்கென்றே கன்பிளாவில் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, கட்டி முடித்ததன் மேல் அடிக்கிற டாப் கோட் ஸ்ப்ரே. மினுக்கமில்லாத மேட் ஃபினிஷ் கிடைக்க எல்லோரும் அடிப்பதுதான், ஆனால் ஈரப்பதம் கூடிய நாளில் அடித்தால் காயும்போது படலம் வெளுத்து, கறுப்புப் பாகமெல்லாம் சாம்பல் பூசியது மாதிரி ஆகிவிடும். பனிமூட்டம் இறங்கிய நாளில் கேனைத் தொடாதீர்கள். பிப்ரவரி, மார்ச்சில் காய்ந்த காற்றடிக்கும் முற்பகல் நம் ஊரில் தாராளமாகக் கிடைக்கும், அதுவரை கட்டி வைத்துவிட்டுக் காத்திருங்கள். இரண்டாவது, அந்துருண்டை. பீரோவில் புடவைக்கு நடுவே அம்மாக்கள் போடுவது வழக்கம், அதே தட்டில் கன்பிளாவை வைத்தால் அதன் ஆவி பாலிஸ்டைரீனை இளக்கிவிடும். அந்துருண்டை இல்லாத தனி அலமாரி, சிலிக்கா ஜெல் பொட்டலம், ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று, இவ்வளவு போதும்.

மங்கா என்கிற ஜப்பானிய காமிக்ஸுக்கு வரும்போது மனசு ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம். காசுக்கணக்கில் இதை எதுவும் அடிக்க முடியாது. புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, ஆங்கிலப் பதிப்பு நம் புத்தகக் கடைகளிலேயே ரூபாய் விலையில் கிடைக்கிறது, ஒரு ஸ்கேல் ஃபிகர் விலைக்கு ஒரு சின்னத் தொடரையே முழுசாக வாங்கிவிடலாம். கதையின் மூலமே இதுதான் என்பதும் எனக்குப் பெரிய விஷயம். ஆனால் காகிதம். ஓரம் பழுப்பேறும், பக்கம் அலை அலையாக வளையும், பழுப்புப் புள்ளி விழுந்தால் போகவே போகாது. இதற்கு நான் சொல்லும் வழி, முடிந்துபோன குட்டித் தொடர்களை மட்டும் வாங்குவது: டெத் நோட் 12 தொகுதி, டீமன் ஸ்லேயர் 23, ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் 27. மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றிரண்டில் அடங்கிவிடும். 1997-ல் தொடங்கி நூறு தொகுதி தாண்டியும் ஓடுகிற ஒன் பீஸை இந்த ஈரத்தில் வரிசையாக அடுக்கிக் காப்பாற்றுவது பெரும்பாடு, அதை டிஜிட்டலில் படித்துவிட்டு அதன் நாயகன் லூஃபிக்கு ஒரு பிரைஸ் ஃபிகர் வாங்கி வைக்கலாம். மரச் சுவரலமாரியில் அடுக்குகிறவர்கள் புத்தகத்துக்கும் சுவருக்கும் நடுவே ரெண்டு விரல் இடைவெளியாவது விடுங்கள், காற்று போகட்டும்.

கேமில் டிஸ்க்கா டவுன்லோடா என்ற சண்டைக்கும் மலையில் பதில் வேறு. நகரத்தில் டவுன்லோடு வசதி. இங்கே மழை பெய்தால் நெட் தடுமாறும், கரண்ட் போகும், நூறு ஜிபி கேம் இறங்கி முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று சொல்ல முடியாது. டிஸ்க் வாங்கினால் பெரும்பாலும் கேமின் பெரும்பகுதி அதிலிருந்தே ஏறிவிடும், மிச்சம் அப்டேட் மட்டும்தான், விளையாடி முடித்தபின் கோயம்புத்தூரில் கொடுத்து மாற்றியும் கொள்ளலாம். கடை மூடினால் டிஜிட்டல் கதி என்ன என்பதற்கும் உதாரணம் இருக்கிறது: 3டிஎஸ் என்கிற கையடக்க கேம் கருவிக்கான நிண்டெண்டோ இஷாப் ஆன்லைன் கடையில் 2023 மார்ச்சோடு புது விற்பனையே நின்றுவிட்டது. நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கருவிக்கு வரும் கார்ட்ரிட்ஜ் டிஸ்க்கைவிட இன்னும் நல்லது, குட்டியானது, ஒரு டிபன் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு மொத்தக் கலெக்‌ஷனும் அடங்கும். டிஸ்க்கில் பூசணப் படலம் வந்தால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் மெல்லிய துணியால் துடையுங்கள், வட்டமாகத் துடைக்க வேண்டாம்.

ஆக, ஐயாயிரம் ரூபாயோடு இன்று ஆரம்பிக்கிற நீலகிரிக்காரருக்கு நான் போட்டுத்தரும் பட்டியல்: ஒரு ஹெச்ஜி கிட், ஒரு நல்ல கட்டர், ஈரப்பத மீட்டர், மிச்சத்துக்கு மனசுக்குப் பிடித்த பாத்திரத்தின் பிரைஸ் ஃபிகர். கொடைக்கானல்காரருக்கும் இதேதான். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் என்றால் மட்டும் ஃபிகரைத் தள்ளிப் போட்டுவிட்டு அந்தக் காசில் ரப்பர் விளிம்பு வைத்த கண்ணாடிக் கதவு அலமாரிக்குச் சேர்க்க ஆரம்பியுங்கள், ஜூன் வருவதற்குள்.