ட்ரினிடாட் குழுச் சுற்றுலா: பறவைக்கு முழுப் புள்ளி, பஸ்ஸுக்குப் பூச்சியம்

கனடா அக்கா குடும்பத்தோடு சேர்ந்துகொள்ள, யாழ்ப்பாணத்திலிருந்து நானும் அம்மாவும் வெளிக்கிட்ட ஐந்து நாள் பயணம். லா பிரேயாவில் சுமார் 100 ஏக்கர் தார் ஏரி, மேலே நடந்தே போகலாம், செருப்பு ஒட்டியதும் அம்மா "றோட்டுப் போடுற இடத்துக்கோ காசு கட்டிக் கூட்டி வந்தனீ?" என்றார். வழிகாட்டி நல்லாக் கதைப்பார், ஆனால் எல்லாவற்றுக்கும் அவசரம். வாட்டர்லூ கடல் கோயிலில் பத்தே நிமிடம், எங்கள் நயினாதீவு அம்மன் கோயிலை நினைத்துக் கும்பிட்டு முடிக்கவில்லை, ஹோர்ன் அடித்துவிட்டார்கள். பஸ்ஸில் ஏசியும் இல்லை. கரோனிச் சதுப்பில் மட்டும் அவசரப்படுத்தவில்லை. பொழுதுபட, செக்கச்செவேலென்ற அரிவாள்மூக்கன்கள் கூட்டம் கூட்டமாக வந்து கண்டல் மரங்களில் இறங்க, படகில் ஒருவரும் மூச்சு விடவில்லை. சாப்பாட்டுக்கு ஹோட்டலை நம்பாமல் தெருவோர டபிள்ஸ் வாங்குங்கள்: பொரித்த ரொட்டி இரண்டு, கொண்டைக்கடலைக் கறி, புளிச்சாறு. உறைப்பு எங்கள் ஆட்களுக்கே காணும்.